திட்டமிடற் பரீட்சையும் திட்டமில்லாப் படிப்பும்

இம்மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரையொன்று வேண்டியபோது, சங்கப் புலவரொருவரைப் பற்றியோ புணர்ச்சி விதியொன்றைப் பற்றியோ நாம் எழுதித் தருவோமென்றே எண்ணியிருப்பர். தமிழ் படிப்பிப்போரிடம் வேறெதனை எதிர்பார்ப்பது? ஆயினும், பழைய மாணவரும் பயில்வோரும் ஆசிரியரும் ஒருங்கே வாசிக்கும் ஏடு இஃதொன்றேயாதலின், எமது துறைக்குப் புறம்பானதாயினும் சில காலமாக எம் உள்ளத்தை உறுத்திவரும் ஒரு பொருளைப் பற்றி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அது செயற்றிட்ட முகாமைத்துவத்தில் நடத்தப்பெறும் ஆரம்பநிலைச் சான்றிதழ்ப் பரீட்சை. சி.ஏ.பி.எம். என ஆங்கில முதலெழுத்துக்களால் அதனை வழங்குவர். அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு தோன்றிய பி.எம்.ஐ. என்னும் நிறுவனம் அதனை நடத்துகின்றது. பல ஆண்டு அனுபவம் வாய்ந்தோர்க்கென அந்நிறுவனமே நடத்தும் பி.எம்.பி. என்னும் பெரும் பரீட்சை வேறு. இதற்குத் தொழிலனுபவம் வேண்டியதில்லை. இடைநிலைக் கல்வியை முடித்து, இத்துறையில் 23 மணித்தியாலப் பாடநெறியொன்றைப் பின்பற்றியிருத்தல் போதும். ஆகவே, உயர்தரம் எழுதிவிட்டு அடுத்த வழி தேடுவோரும், கட்டட நிறுவனங்களிலும் கணினி நிறுவனங்களிலும் சிற்றுத்தியோகம் பார்ப்போரும், வளைகுடா நாடுகளுக்குச் செல்ல எண்ணுவோரும் இதனை நாடுகின்றனர். நங்கல்லூரியை விட்டகன்ற பிள்ளைகளிலும் அத்தகையோர் பலர். அவர்கள் இப்பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் முறையைக் கண்டு நாம் கொண்ட கவலையே இக்கட்டுரைக்குக் காரணம். ஒரு வேலையை எவ்வாறு திட்டமிடுவது என்பதைச் சோதிக்கும் பரீட்சைக்கு, எவ்விதத் திட்டமுமின்றிப் படிக்கின்றார்கள்!

2024ஆம் ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், எம்மிடம் முன்பு தமிழ் படித்த இளைஞனொருவன் வீட்டுக்கு வந்தான். வணிகப் பிரிவில் உயர்தரம் எழுதி, கட்டட நிறுவனமொன்றின் களஞ்சியத்திலே கணக்கெழுதிக் கொண்டிருந்தவன். மேற்கூறிய பரீட்சைக்குத் தோற்றித் தவறிவிட்டான். கட்டணம் டொலரிற் செலுத்துவது. அதற்காகத் தாயார் தம் காப்பினை அடைவு வைத்திருந்தார். "சேர், நான் எல்லாத்தையும் பாடமாக்கினான். பாடமாக்கினது ஒண்டும் வரேல்லை" என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்திருந்தான். அவன் கையிலிருந்த குறிப்புக் கொப்பியை வாங்கிப் பார்த்தோம். முத்துமுத்தான எழுத்து. ஐந்து செயன்முறைத் தொகுதிகள், பத்து அறிவுப் பரப்புகள், நாற்பத்தொன்பது செயன்முறைகள் எனப் பட்டியல்கள் நிரல்பட எழுதப்பெற்றிருந்தன. நாற்பத்தொன்பதையும் அவன் மூச்சுவிடாமல் ஒப்புவிக்கவும் செய்தான். நிகண்டு பாடஞ் செய்த பழைய திண்ணைப்பள்ளி மாணாக்கனே எம் நினைவுக்கு வந்தான்.

குறிப்பிலே பிழையில்லை, அதன் வயதே பிழை. அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணன் 2019இல் இதே பரீட்சையில் நேர்மையாகச் சித்தியெய்தியபோது எழுதிய குறிப்பு அது. அக்காலத்தில் பரீட்சை பி.எம்.பொக் என்னும் வழிகாட்டி நூலின் ஆறாம் பதிப்பை அடியொற்றி நின்றது. 2017இல் வெளிவந்த அப்பதிப்பிலேதான் அந்த நாற்பத்தொன்பது செயன்முறைகள் உள்ளன. 2021இல் வந்த ஏழாம் பதிப்போ பன்னிரண்டு தத்துவங்கள், எட்டுச் செயலாற்றுகைப் பரப்புகள் எனத் தன் உருவையே மாற்றிக்கொண்டது. 2023ஆம் ஆண்டு யூலை மாதம் தொட்டுப் பரீட்சையும் புதிய பாடத்திட்டத்துக்கு மாறிற்று. தம்பி 2024இல் எழுதிய பரீட்சைக்கு 2019இன் பாடத்தைப் படித்துச் சென்றிருக்கின்றான். பரீட்சையை நடத்தும் நிறுவனம் தன் பாடத்திட்டத்தை எவரும் விலையின்றிப் பெறத்தக்கதாக வெளியிட்டிருக்கிறது. அதனை ஒருமுறை திறந்து பார்த்திருப்பின் ஐந்து நிமிடத்தில் உண்மை விளங்கியிருக்கும். அவன் பார்க்கவில்லை. பார்க்கவேண்டுமென்று அவனுக்கு எவரும் சொல்லவுமில்லை.

இங்கே எம்மீதும் குற்றமுண்டு. பாடத்திட்டமென்பது ஆசிரியருக்குரியது, குறிப்பும் கடந்தகால வினாத்தாளும் மாணவருக்குரியவை என்றொரு பிரிவினையைப் பள்ளிக்கூடங்களில் நாமே வளர்த்துவிட்டோம். பதின்மூன்று ஆண்டுகள் எம்மிடம் படித்தும் தன் பாடத்தின் பாடத்திட்டத்தைக் கண்ணாற் காணாத மாணவர் எத்தனை பேர்! வகுப்பிலே குறிப்புக் கொடுப்போரும் தனியார் வகுப்பிலே அச்சடித்துக் கொடுப்போருமாகச் சேர்ந்து, எதனைப் படிப்பது என்று தானே தீர்மானிக்கும் ஆற்றலைப் பிள்ளையிடமிருந்து பறித்துவிட்டோம். கல்லூரி வாயிலைக் கடந்தபின் அவ்வாற்றல் இல்லாமல் அவன் இடர்ப்படுகின்றான்.

அப்புதிய பாடத்திட்டத்தை அவனோடு உட்கார்ந்து நாமும் வாசித்தோம். நான்கு பிரிவுகள். அடிப்படைக் கருத்துக்களுக்கு நூற்றுக்கு 36 பங்கு. முற்கூட்டியே முழுத் திட்டமும் வகுத்துச் செய்யும் முறைகளுக்கு 17. அஜைல் எனப்படும் நெகிழ்ச்சி முறைகளுக்கு 20. வணிகப் பகுப்பாய்வுக்கு 27. தம்பி தன் நேரத்தின் பெரும்பகுதியைச் செலவிட்ட திட்டமிடற் செயன்முறைகள் 17 பங்குப் பிரிவைச் சார்ந்தவை. வணிகப் பகுப்பாய்வு என்னும் சொல்லையே அவன் கேள்விப்பட்டிருக்கவில்லை. நாலிலொரு பங்கிற்கும் மேற்பட்ட வினாக்களுக்கு அவன் வெறுங்கையோடு சென்றான் என்பது அப்போதுதான் எங்களிருவருக்கும் விளங்கிற்று.

ஆசிரிய கலாசாலையில் எமக்குக் கற்பித்தவற்றுள் பலவற்றை நாம் மறந்துவிட்டோம் என்பதை ஒளிப்பானேன்? ஆயினும் தவணை வேலைத்திட்டம் எழுதுவது மட்டும் கைப்பழக்கமாகிவிட்டது. தவணையில் எத்தனை வாரம், வாரத்தில் எத்தனை பாடவேளை, விளையாட்டுப் போட்டிக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் எத்தனை நாள் போகும் என்று முதலிற் கணக்கிட்டு, எஞ்சியதைப் பாட அலகுகளுக்குப் பகிர்வோம். அதே முறையில் அவனுக்கும் ஒரு கணக்குப் போட்டோம். நிறுவன வேலை முடிந்து வந்து கிழமைநாட்களில் ஒரு மணித்தியாலமும் ஞாயிறன்று நான்குமாக வாரத்துக்கு ஒன்பது மணித்தியாலம் அவனாற் படிக்க முடியும். சனிக்கிழமை அரைநாள் வேலையும் வீட்டுக்கடனும் இருந்தமையால் அதனை விட்டுவிட்டோம். பன்னிரண்டு வாரத்துக்கு 108 மணித்தியாலம். இறுதி மூன்று வாரங்களுக்குரிய 27 மணித்தியாலத்தை மாதிரிப் பரீட்சைக்கும் மீட்டலுக்கும் முதலிலேயே ஒதுக்கி வைத்தோம். எஞ்சிய 81ஐ மேற்கூறிய பங்குவீதப்படி பிரித்தால் முறையே 29, 14, 16, 22 மணித்தியாலங்கள் வரும். இறுதி வாரங்களை முதலில் ஒதுக்குவது முக்கியம். எஞ்சினாற் பார்க்கலாம் என்று விட்டால் மாதிரிப் பரீட்சைக்கு ஒருபோதும் நேரம் எஞ்சுவதில்லை.

பங்குவீதம் ஒரு தொடக்கமே. வணிகம் படித்தவனுக்குச் செலவுக் கணக்கு எளிது. அதிலிருந்து மூன்று மணித்தியாலத்தை எடுத்து வணிகப் பகுப்பாய்வுக்குக் கொடுத்தோம். தவறியவர்க்கு இன்னொரு வழிகாட்டியும் உண்டு. சித்திக்கு இத்தனை புள்ளி வேண்டுமென்று அந்நிறுவனம் வெளியிடுவதில்லை. எனினும், ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் இலக்குக்கு மேலா, இலக்கிலா, கீழா, மிகவும் திருந்தவேண்டியவரா என்று பெறுபேற்று அறிக்கையிற் குறித்து அனுப்புகின்றது. தம்பி வெட்கத்தினால் அவ்வறிக்கையை மடித்து அலுமாரிக்குள் வைத்திருந்தான். அதனை எடுப்பித்து மேசைமேல் ஒட்டச் சொன்னோம். எந்த ஆசிரியரும் அவனைப் பற்றி அவ்வளவு துல்லியமாக எழுதியிருக்க மாட்டார்.

வள்ளுவர் பொருட்பாலிலே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அவை அரசனுக்கு உரைத்தவை. ஆயினும், பரீட்சைக்குத் திகதி குறிக்கு முன்னர் இப்பிள்ளைகள் அவ்வரிசையை எண்ணிப் பார்த்தால் நன்று. இன்று பலர் காலத்தை முதலிற் குறித்துக்கொண்டு, வலியைப் பின்னர் அறிகின்றார்கள். விண்ணப்பம் ஏற்கப்பெற்ற நாளிலிருந்து ஓராண்டுக்குள், மூன்று முறைவரை தோற்ற இடமுண்டு. ஒவ்வொரு முறைக்கும் கட்டணமுண்டு. அவசரமாக விண்ணப்பித்துவிட்டு எட்டு மாதம் வாளாவிருந்து, கடைசி மாதத்தில் தவித்தவர்களையும் நாமறிவோம். 23 மணித்தியாலப் பாடநெறியை முடித்து, பாடத்திட்டத்தைக் கையிலெடுத்து, முதற் பிரிவைப் படித்து முடித்தபின் திகதி குறிப்பதே தகுதி என்பது எம் கருத்து.

இனி எமக்குரிய துறைக்கு வருகின்றோம். இப்பரீட்சை தமிழில் நடைபெறுவதில்லை. நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும். ஆகவே ஆங்கிலத்திலேயே படித்து, ஆங்கிலத்திலேயே பாடமாக்குகின்றனர். பொருள் விளங்காவிடினும் சொல் நினைவில் நிற்கின்றது. ஆனால் வினாக்கள் சொல்லைக் கேட்பதில்லை. இன்ன நிலைமையில் நீ யாது செய்வாய் என்று கேட்கின்றன. தாய்மொழியில் விளங்கிக்கொள்ளாதவன் அங்கே தடுமாறுவது இயல்பே.

என்றாலும், தமிழாசிரியர் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். சொல்லுக்குச் சொல் தமிழாக்கிய அட்டவணையை மட்டும் நம்புதல் ஆபத்து. றிஸ்க் என்பதற்கு இடர் என்று எழுதுகின்றோம். தமிழில் இடர் என்றாலே துன்பம். ஆனால் இப்பரீட்சையிலோ, நடக்கலாம் அல்லது நடவாமற் போகலாம் என்ற நிலையிலுள்ள எதுவும் றிஸ்க் ஆகும். அது நன்மையாகவும் இருக்கலாம். மணல் விலை ஏறுமோ என்பதும் றிஸ்க். இறங்குமோ என்பதும் றிஸ்க். இடர் என்று மட்டும் மனத்திற் கொண்டவன் இரண்டாவதைத் தவறவிடுவான். இன்னுமொன்று: குவாலிட்டிக்கும் தரம் என்கின்றோம், கிறேட்டுக்கும் தரம் என்கின்றோம். இரண்டும் அங்கே வேறு வேறு. மலிவான தாளிற் செய்த கொப்பி கீழ்க் கிறேட். ஆயினும் ஒற்றை கழராமல், கோடு பிழைக்காமல் இருந்தால் அதன் குவாலிட்டி நன்று. பளபளப்பான தாளிற் செய்து பத்தாம் பக்கம் தலைகீழாகத் தைத்திருந்தால் மேல்கிறேட், ஆனால் குவாலிட்டி இல்லை. முந்தியது குறையன்று, பிந்தியதே குறை என்பது அவர்கள் கொள்கை. ஆதலால் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வரியிலே தமிழில் விளக்கமும், நம்மூர் உதாரணமொன்றும் தன் கைப்பட எழுதும்படி தம்பிக்குச் சொன்னோம். நாற்பது சொல்லுக்கு எழுதுமுன்னரே அவன் முகம் தெளியத் தொடங்கிற்று.

உதாரணத்துக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. இவ்விழாவே ஒரு செயற்றிட்டம். தொடக்கமுண்டு, முடிவுண்டு, முன்பு செய்யாத புதிய பயனொன்றுண்டு. பந்தல், அழைப்பிதழ், நாடகம், மலர் என்று அதனைப் பகுத்துக்கொண்டே போகலாம். பந்தற்காரர் இரண்டு நாள் பிந்தினாலும் விழா நடக்கும். கட்டுரைகள் பிந்தினால் அச்சகம் பிந்தும், அச்சகம் பிந்தினால் மலர் வெளியீடே நின்றுபோகும். எந்த வரிசையிலுள்ள வேலை ஒருநாள் தாமதித்தாலும் முழுவிழாவும் ஒருநாள் தாமதிக்குமோ, அவ்வரிசையையே மாறுநிலைப் பாதை என்பர். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டூபொண்ட் கம்பனியாரும் றெமிங்டன் றாண்ட் கம்பனியாரும் வகுத்த கணிப்பு முறை அது. எமது இக்கட்டுரையும் அப்பாதையிலேயே இருந்தது என்பதை மலர்க் குழுவினர் மும்முறை நினைவூட்டினர்.

பெறுமதிக் கணக்கும் அவ்வாறே. இருபது வகுப்பறைகளுக்கு வெள்ளையடிக்க 200,000 ரூபா, பத்து நாள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் நாள் மாலை பத்து அறை முடிந்திருக்க வேண்டும். அதன் பெறுமதி 100,000. முடிந்ததோ எட்டு அறை. ஈட்டிய பெறுமதி 80,000. செலவான பணம் 90,000. ஒரு இலட்சம் ஒதுக்கித் தொண்ணூறாயிரந்தானே செலவாயிற்று, பத்தாயிரம் மிச்சம் என்று மகிழ்பவர் ஏமாறுவார். எண்பதாயிரத்துக்குரிய வேலைக்குத் தொண்ணூறாயிரம் போயிருக்கின்றது. பத்தாயிரம் நட்டம், வேலையிலும் இருபதாயிரத்துக்குரிய பின்னடைவு. இதனை ஒருமுறை சுவரைப் பார்த்து விளங்கிக்கொண்டவன் சூத்திரத்தைப் பாடமாக்க வேண்டியதில்லை.

அஜைல் முறையை விளக்க எமக்குக் கட்டுரைப் பாடம் கைகொடுத்தது. தவணை முடிவிலே முழுக் கொப்பியையும் வாங்கித் திருத்துவது ஒரு முறை. கிழமைக்கொரு பந்தி எழுதுவித்து, திருத்தி, அதற்கேற்ப அடுத்த பந்தியை மாற்றி எழுதுவிப்பது இன்னொரு முறை. 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திற் கூடிய பதினேழு மென்பொருள் வல்லுநர் வெளியிட்ட அஜைல் அறிக்கையின் சாரத்தில் ஒரு பகுதி இப்பிந்திய முறையே என்று சொன்னபோது, "அப்ப நீங்கள் முந்தியே அஜைல் தான் சேர்" என்று தம்பி சிரித்தான். நாற்பது கொப்பி திருத்தும் சிரமம் அவனுக்குத் தெரியாது.

மாதிரிப் பரீட்சை பற்றிச் சிறிது. மூன்று மணித்தியாலத்தில் 150 வினாக்கள். ஒன்றுக்கு 72 விநாடி. அவற்றுள் 15 வினாக்கள் புள்ளி பெறாத பரிசோதனை வினாக்கள். எவையென்று எழுதுவோர் அறியார். 75 வினாக்களின் பின் பத்து நிமிட இடைவேளை உண்டு. இடைவேளைக்குப்பின் முற்பகுதிக்குத் திரும்ப இயலாது. தவறான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லையாதலால் ஒன்றையும் வெறுமையாக விடலாகாது. துண்டுதுண்டாகப் பத்து வினா, இருபது வினாவென்று கைப்பேசியில் விளையாட்டாகச் செய்வோர் மூன்றாம் மணித்தியாலத்திற் களைத்துப் போவார்கள். ஆகையால் இறுதி மூன்று வாரமும் ஞாயிறுதோறும் முழு நீளப் பரீட்சையொன்றை ஒரே இருக்கையில் எழுதுவித்தோம். பிழைத்த வினாக்களைப் பற்றி ஏன் பிழைத்தது என்று எழுதுவித்தோம். பாதிக்கு மேல் அறியாமையாலன்று, வினாவின் கடைசி வரியை வாசியாமையாலே பிழைத்தவை.

வீட்டிலிருந்து கணினி மூலமும் இப்பரீட்சையை எழுதலாம். அப்போது கண்காணிப்பவர் கமரா வழியே பார்த்துக்கொண்டிருப்பார். அறைக்குள் வேறெவரும் வரலாகாது. நம் வீடுகளிலே பிள்ளை மூன்று மணித்தியாலம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால், தேநீர்க் கோப்பையோடு தாயார் வந்தே தீருவார். அன்பினால் ஒரு பரீட்சை இரத்தாகிவிடும். கோயில் ஒலிபெருக்கி, மின்வெட்டு என்பனவற்றையும் சேர்த்துப் பார்த்து, இடவசதி உள்ளவர்கள் பரீட்சை நிலையத்துக்கே செல்வது நன்றென எண்ணுகின்றோம். தம்பி இரண்டாம் முறை கொழும்புக்குச் சென்றே எழுதினான்.

2025இன் தொடக்கத்தில் அவன் சித்தியெய்தினான். அதே நிறுவனத்தில் களஞ்சியத்திலிருந்து வேலைநிரல் தயாரிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். சம்பளம் சிறிது கூடிற்று; பெரிதாகக் கூடவில்லை. இதனை ஒளிக்காமற் சொல்லவேண்டியிருக்கின்றது. இச்சான்றிதழ் கிடைத்த மறுநாளே முகாமையாளர் நாற்காலி காத்திருக்கும் என்று சில விளம்பரங்கள் ஆசை காட்டுகின்றன. இது ஆரம்பநிலைச் சான்றிதழ். நேர்முகத்திலே ஒருவர் உட்கார இடந்தரும். அங்கே பேசுவது அவரவர் பொறுப்பு. மூன்றாண்டுக்கொருமுறை 15 அலகு தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்கவும் வேண்டும். காப்பை அடைவு வைப்பதற்கு முன்னர் தாய்மார் இவற்றை அறிந்திருத்தல் வேண்டும். முதல் முறையிலேயே பாடத்திட்டத்தைப் பார்த்திருந்தால் இரண்டாம் கட்டணம் மிஞ்சியிருக்கும் என்பதுதான் எம் மனத்தாங்கல்.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். விழாவை முன்னிட்டுக் கட்டடமும் கணினியும் தருகின்றீர்கள், நன்றியுடையோம். கொழும்பிலும் தோகாவிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் செயற்றிட்டங்களை நடத்தும் பொறியியலாளர், கணக்காளர், மென்பொருள் வல்லுநர் உங்களுள் இருக்கின்றீர்கள். நாம் கேட்பது உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணித்தியாலம். குறிப்பு அனுப்ப வேண்டாம். குறிப்பு ஏராளமாக இருக்கின்றது. நீங்கள் செய்த ஒரு வேலையில் எது பிந்தியது, ஏன் பிந்தியது, அப்போது யாரிடம் என்ன சொன்னீர்கள் என்பதைத் தமிழிலேயே ஒரு பிள்ளைக்குச் சொல்லுங்கள். பரீட்சையிலே கேட்பதும் அதுதான்.

கல்லூரி நூலகத்தில் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இப்போது ஐந்து பேர் கூடுகின்றார்கள். வெண்பலகையின் ஒரு மூலையில் 29, 14, 16, 22 என்று எழுதியிருக்கின்றது. அதனை அழிக்க வேண்டாமென்று நூலகரிடம் சொல்லி வைத்திருக்கின்றோம். தொடர்பு கொள்ள விரும்பும் பழைய மாணவர் சங்கச் செயலாளரிடம் தம் பெயரையும் வசதியான நேரத்தையும் தெரிவிக்கலாம். நேர வித்தியாசத்தைக் கணக்கிடும் வேலையை அந்த ஐவரிடமே விட்டிருக்கின்றோம்.